வைகறைப் பேருந்தின் மின்கலம்

மதுரை மாநகருக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையில் செல்வோர் ஆங்காங்கே மல்லிகைத் தோட்டங்களைக் காணலாம். அப்பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றுக்கு நகரிலிருந்து இரவில் வரும் கடைசிப் பேருந்து அங்கேயே தங்கும். மறுநாள் வைகறையில் அதுவே முதற் பேருந்தாக நகருக்குப் புறப்படும். அந்த முதற் பேருந்தை நம்பி வாழ்வோர் பலர். இருள் பிரியுமுன் பறித்த அரும்புகளைக் கூடையில் இட்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விரையும் உழவர், அரசு மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி, தொலைவிலுள்ள கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஆகியோர் அனைவரும் அதன் வரவை எதிர்நோக்கி நிற்பர். பிறருக்குச் சிறிது தாழ்ந்தாலும் கேடில்லை, பூவுக்கு அவ்வாறன்று. அரும்பாக இருக்கும்வரையில்தான் மல்லிகைக்கு மதிப்பு. சந்தை கலைந்தபின் கொண்டு செல்லும் கூடைக்குக் கேட்ட விலை கிடைப்பதில்லை.

இத்தகைய பேருந்து ஒன்றில் ஒருநாள் வைகறையில் நிகழ்வதை எண்ணிப் பார்க்கலாம். ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்து விளக்குகளைப் போடுகிறார். முகப்பு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. ஒலிப்பானும் நன்கு முழங்குகிறது. ஆனால் எஞ்சினைக் கிளப்பத் திறவுகோலைத் திருப்பியதும் 'கடக்' என்ற ஓர் ஓசை மட்டுமே எழுகிறது. எரிந்த விளக்குகள் அணைவனபோல் மங்குகின்றன. எஞ்சின் அசையவில்லை. திறவுகோலை விட்டவுடன் விளக்குகள் முன்போலவே ஒளிர்கின்றன!

"விளக்கெல்லாம் நன்றாகத்தானே எரிகிறது, அண்ணே! பாட்டரியில் சார்ஜ் இல்லை என்று எப்படிச் சொல்வது?" என்று வியக்கிறார் நடத்துநர்.

"பூ மலர்ந்துவிடுமே, தம்பி!" என்று கவலுகிறாள் கூடையோடு நிற்கும் மூதாட்டி.

இளைஞர் பதின்மர் இறங்கி வண்டியைத் தள்ளுகின்றனர். சக்கரம் உருள, அதனோடு இணைந்த எஞ்சினும் சுழன்று உயிர் பெறுகிறது. வண்டி முக்கால் மணி நேரம் தாழ்ந்து புறப்படுகிறது.

நடத்துநர் எழுப்பிய வினா நல்ல வினாவாகும். விளக்கை எரிக்கும் மின்கலம் எஞ்சினைச் சுழற்றாதது ஏன்? இதற்கு விடை காண, அப்பெட்டியினுள் நிகழ்வது யாதென அறிதல் வேண்டும்.

தொடக்க காலத்து மோட்டார் வண்டிகளில் இச்சிக்கல் எழவே இல்லை. வண்டியின் முன்புறத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி, ஆள் ஒருவர் தம் தோள் வலிமையால் எஞ்சினைச் சுழற்றுவார். எஞ்சின் எதிர்த்து உதைக்குமாயின் அவர் மணிக்கட்டு முறிதலும் உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தம் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கிய 1911-ஆம் ஆண்டிலேதான், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பார் மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் மோட்டாரை அமைத்தார். மறு ஆண்டில் அது காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. நம் நாட்டு ஓட்டுநர்கள் அதனைச் 'செல்ப்' என்பர். 1961-இல் சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் ஆங்கில நாட்டு லூக்காஸ் நிறுவனத்துடன் கூடிச் சென்னையை அடுத்த பாடியில் ஒரு தொழிற்சாலை கண்டனர். அங்கு இத்தகைய மோட்டார்களும் வண்டிகளுக்கு வேண்டிய பிற மின் கருவிகளும் செய்யப்படலாயின. கைப்பிடி மறைந்தது, தோள் வலிமையின் இடத்தை மின்கலம் ஏற்றது.

அம்மின்கலமோ கெட்டரிங்குக்கு அரை நூற்றாண்டு மூத்தது. 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே, நீர் கலந்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகளை அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்திச் சேமிக்கவும் வேண்டும்போது திரும்பப் பெறவும் இயலும் எனக் காட்டினார். இன்றும் பேருந்துகளில் உள்ளது அதன் வழிவந்ததே. ஒரு தகட்டில் பஞ்சு போன்ற ஈயமும் மற்றதில் ஈய டை ஆக்சைடும் உள்ளன. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் தன் கந்தகப் பகுதியைத் தகடுகளுக்கு ஈந்து நீர்த்துப் போகின்றது. மின்னேற்றம் செய்யும்போது இம்மாற்றம் அப்படியே பின்னோக்கி நிகழும். எனவே அமிலத்தின் அடர்த்தியை அளந்தால் மின்கலத்தில் எஞ்சியிருப்பது எவ்வளவு எனக் கூறிவிடலாம். பட்டறைகளில் ரப்பர்க் குமிழ் பொருத்திய கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி, மிதவையின் நிலையை நோக்குவது இதன் பொருட்டே.

ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் மின்னழுத்தம் உடையது. ஆறு கலங்களைத் தொடராக இணைத்தது 12 வோல்ட் பாட்டரி. பெரிய டீசல் பேருந்துகள் பலவற்றில் அத்தகைய இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகின்றனர். முற்றும் மின்னேற்றம் பெற்று ஓய்ந்திருக்கும்போது அவ்விணை 25 வோல்ட்டுக்குச் சற்று மிகுதியாகவே காட்டும்.

மின்னழுத்தம், மின்னோட்டம் என்னும் இரண்டையும் வேறுபடுத்தி அறிய, மதுரைச் சமவெளியில் வளர்ந்தவர்க்கு வேறு நூல் வேண்டா. ஊர்க் கண்மாயே போதும். கண்மாயில் நிற்கும் நீரின் மட்டம் மின்னழுத்தம் போன்றது. மடை வழியே பாயும் நீரின் அளவு மின்னோட்டம் போன்றது. கண்மாயிலிருந்து ஒரு கால்வாய் வயலுக்குச் செல்கிறது. அதன் நடுவே மண் மூடிப் பாதி தூர்ந்திருக்கிறது எனக் கொள்வோம். கடைமடையை அடைத்துவிட்டால் கால்வாயில் நீர் அசையாது நிற்கும். அப்போது கால்வாயின் கோடியிலும் நீர்மட்டம் கண்மாயின் மட்டத்துக்கு ஒப்பாகவே இருக்கும். தூர் இருப்பது தெரியவே தெரியாது. ஒரு சிறு வாய்க்காலுக்கு நீர் விட்டாலும் மட்டம் பெரிதும் தாழாது. ஆனால் கடைமடை முழுவதையும் திறந்து பெருநீர் பாயவிட்டால், தூருக்கு அப்பால் மட்டம் சட்டென விழுந்துவிடும். கண்மாயில் நீர் நிரம்பியிருந்தும் கடைவயல் காயும்!

பேருந்தில் நிகழ்வதும் இதுவே. எல்லா விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை ஏற்கின்றன எனக் கொள்ளலாம். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாரோ 200 ஆம்பியரையும் அதற்கு மேலும் கேட்கும். மின்கலத்தின் முனையும் கம்பியும் சேருமிடத்தில் அமிலக் கறை படிந்து 0.02 ஓம் என்னும் மிகச் சிறிய தடை உண்டாகியிருப்பின், 1827-இல் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட விதிப்படி கணக்கிடுவது எளிது. மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கக் கிடைப்பது இழந்த மின்னழுத்தம். விளக்குகளின் 10 ஆம்பியருக்கு இழப்பு 0.2 வோல்ட், கண்ணுக்குப் புலப்படாது. மோட்டாரின் 200 ஆம்பியருக்கு இழப்பு 4 வோல்ட். தடை ஒன்றே, பளு மாறியதால் இழப்பு இருபது மடங்காயிற்று. அந்த 4 வோல்ட் எங்கும் மறைந்து போவதில்லை. 200 ஆம்பியரோடு கூடி 800 வாட் வெப்பமாகிறது. சலவைப் பெட்டி ஒன்றின் வெப்பம் விரல் நுனி அளவான ஓரிடத்தில் தோன்றுகிறது! அதனால்தான் பழகிய பட்டறையாளர் வண்டியைக் கிளப்ப முயன்ற உடனே முனைகளை மெல்லத் தொட்டுப் பார்ப்பர். எந்த முனை சுடுகிறதோ அதுவே குற்றவாளி.

மற்றோர் உண்மை இன்னும் வியப்பானது. எஞ்சின் ஐந்து நொடியில் கிளம்பிவிடுமாயின், அதற்குச் செலவாகும் மின்சாரம் அவ்விளக்குகளை நூறு நொடி எரிப்பதற்குச் செலவாகும் மின்சாரத்துக்குச் சமமே. 150 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரிக்கு இது ஒரு துளி. ஆகவே மின்கலத்தில் இருப்பு உண்டா என்பது ஒரு வினா. கேட்ட நொடியில் கேட்ட அளவைத் தரவல்லதா என்பது மற்றொரு வினா. விளக்கு எரிவது முதல் வினாவுக்கே விடை கூறும். நடத்துநர் அதனை இரண்டாம் வினாவுக்கும் விடையாகக் கொண்டார்.

தடை முனையில் மட்டும் இருப்பதன்று. கம்பியிலும் உண்டு. 50 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில், போகவும் வரவும் நான்கு மீட்டர் நீளத்துக்கு 200 ஆம்பியர் பாயுமாயின் இழப்பு ஏறத்தாழ 0.3 வோல்ட் ஆகும். செலவைச் சுருக்க எண்ணி 16 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பூட்டினால் அது 0.9 வோல்ட்டாக உயரும். மின்கலத்தினுள்ளேயும் தடை உண்டு. நல்ல இணையில் ஏறத்தாழ 2 வோல்ட் இதனால் குறையும். தகடு முதிர முதிர, அமிலம் நீர்க்க நீர்க்க, இத்தடை வளர்ந்துகொண்டே போகும்.

பலமுறை முயன்று கைவிட்டபின் ஓட்டுநர் ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் திறவுகோலைத் திருப்புவதும், சில வேளைகளில் எஞ்சின் கிளம்பிவிடுவதும் பலரும் கண்டதே. இது வெறும் நம்பிக்கையன்று. தகடுகள் நுண்துளைகள் நிறைந்தவை. பெருமின்னோட்டம் எடுக்கும்போது அத்துளைகளில் உள்ள அமிலம் விரைவில் தீர்ந்துபோகிறது. வெளியே உள்ள அமிலம் உள்ளே ஊறி வர நேரம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அதுவே நிகழ்கிறது. விரைந்து எடுத்தால் குறைவாகவே கிடைக்கும் என்னும் இவ்வியல்பை 1897-இல் போய்க்கர்ட் என்னும் ஜெர்மானியர் ஒரு சூத்திரமாக வகுத்தார். 150 ஆம்பியர்-மணி எனப் பாட்டரியின் மேல் எழுதியிருப்பது, 7.5 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் அளவாகும். 100 ஆம்பியர் வீதம் எடுப்பவர்க்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்குமெனக் கணக்குக் கூறும். உண்மையில் ஒரு மணி நேரம் கிடைப்பதும் அரிது.

2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகுந்திருந்தபோது மதுரையிலும் பல வீடுகளில் இன்வெர்ட்டர் கருவி புகுந்தது. விளக்கும் விசிறியும் அதில் மணிக்கணக்கில் ஓடின. மாவு அரைக்கும் கருவியைப் போட்டவுடன் இன்வெர்ட்டர் கூவி நின்றுவிட்டது. இல்லத்தார் பாட்டரி விற்றவரை நொந்துகொண்டனர். 750 வாட் கருவிக்கு 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல் வேண்டும் என்பதை எவரும் அவர்களுக்குக் கூறவில்லை. சமையலறையும் படுக்கையும் அமைந்த சுற்றுலா வண்டிகளில் இத்தொல்லை இன்னும் பெரிது. 1500 வாட் மின்னடுப்பு ஒன்றை 12 வோல்ட் பாட்டரியால் எரிக்க 125 ஆம்பியர் வேண்டும். கருவியின் இழப்பையும் சேர்த்தால் அது மேலும் மிகும். அதனையே 24 வோல்ட்டாக அமைத்தால் மின்னோட்டம் பாதியாகும். வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், அதே கம்பியில் இழப்பு கால் பங்காகக் குறையும். பேருந்தில் 24 வோல்ட் வந்ததும் இக்காரணத்தாலேயே. சமவெளியைக் கடந்து செல்லும் உயர்ந்த கோபுரங்களில் 1,10,000 வோல்ட்டும் 2,30,000 வோல்ட்டும் பாய்வதும் இக்காரணத்தாலேயே. கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் மின்கம்பியின் கோடியில் இருக்கும் பம்பு செட்டுக்கு அழுத்தம் குறைந்து வருவதும், அக்குறையை ஈடுசெய்ய மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை ஏற்றுக் கம்பிச்சுருள் கருகுவதும் உழவர் அறிந்த துன்பம். அங்கும் கடைமடைக் கதைதான்.

இனி, எடுத்ததைத் திரும்ப நிரப்பும் மின்னேற்றம். எஞ்சினால் சுழலும் ஆல்டர்னேட்டர் 24 வோல்ட் பாட்டரிக்கு ஏறத்தாழ 28 வோல்ட் தருகிறது. ஆற்றுநீர் கண்மாயுள் பாய வேண்டுமாயின் ஆற்றின் மட்டம் கண்மாயின் மட்டத்துக்கு மேல் இருத்தல் வேண்டுமல்லவா? அதுபோன்றதே இந்த மிகுதி. தொடக்கத்தில் இரு மட்டங்களுக்கும் வேறுபாடு மிகுதி. மின்னேற்றம் விரைந்து நிகழும். கண்மாய் நிரம்ப நிரம்ப வேறுபாடு சுருங்கி, வரத்தும் மெலியும். ஐந்தில் நான்கு பங்கு விரைவில் ஏறிவிடும். எஞ்சிய ஒரு பங்குக்குப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அழுத்தத்தை உயர்த்தினால் தகடு மின்சாரத்தை ஏற்பதில்லை. நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழிகளாக வெளியேறும். மின்னேற்றம் நடக்கும் இடத்தில் தீக்குச்சி கிழித்தவர் கண்ணிழந்ததும் உண்டு. அவ்விடத்தில் பீடி புகைத்தல் அறிவீனத்திலும் அறிவீனம்.

ஊர்தோறும் நின்று நின்று செல்லும் பேருந்துக்கு அந்தக் கடைசிப் பங்கு கிடைப்பது அரிது. இரவில் எல்லா விளக்குகளும் எரிய, எஞ்சின் மெதுவாகச் சுழல, ஆல்டர்னேட்டர் ஈட்டுவது அன்றைய செலவுக்கே சரியாகும். அதனைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்தாலோ கேட்க வேண்டியதில்லை. அரைகுறையாக நாட்கணக்கில் கிடக்கும் மின்கலத்தில் ஈய சல்பேட் கடினமான படிகமாக இறுகி, மீண்டும் ஈயமாக மாற மறுக்கிறது. கண்மாயில் வண்டல் படிவது போன்றது அது; கொள்ளளவே குறைந்துவிடும்.

இவற்றோடு மதுரையின் வெயிலும் சேர்கிறது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. எஞ்சின் அருகே அதனினும் மிகுதி. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது வல்லுநர் கொண்ட பொதுக்கணக்கு. குளிர்நாட்டில் அமிலத்தின் அடர்த்தியை 1.28 அளவில் வைப்பவர் வெப்ப நாடுகளில் 1.24 அளவுக்குத் தாழ்த்துவதும், மின்னேற்றும் அழுத்தத்தைச் சிறிது குறைப்பதும் இதனாலேயே. குளிர்நாட்டு நூல்களில் கண்ட எண்களை அப்படியே இங்குக் கைக்கொள்ளுதல் பொருந்தாது. இத்தகைய ஆய்வுக்கெனவே ஒரு நிலையம் மதுரைக்கு அணித்தே காரைக்குடியில் உள்ளது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அது. மின்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி அதன் தலையாய பணிகளுள் ஒன்று.

தள்ளிக் கிளப்பப்பட்ட பேருந்து அன்று பணிமனையை அடைந்ததும் பட்டறையாளர் செய்தது என்ன? மின்கலத்தை மாற்றுமாறு அவர் உடனே கூறவில்லை. வோல்ட்மானியை எடுத்து முதலில் ஓய்ந்திருக்கும் அழுத்தத்தைக் கண்டார். 25 வோல்ட் காட்டியது. அதனை அவர் பொருட்படுத்தவில்லை. ஓட்டுநரைத் திறவுகோலைத் திருப்பச் சொல்லி, அந்நேரத்தில் மானியின் ஒரு முள்ளை மின்கலத்தின் ஈய முனையிலும் மற்றதை அதனைப் பற்றியிருந்த கம்பியின் பிடியிலும் வைத்தார். ஒட்டிக்கொண்டிருக்கும் இரு பொருள்களுக்கிடையே அழுத்த வேறுபாடு இருத்தலாகாது. மானியோ 4 வோல்ட் காட்டியது.

"தூர் இங்கே இருக்கிறது!" என்றார் அவர்.

பிடியைக் கழற்றிப் பார்த்தபோது உட்புறம் வெண்மையும் பச்சையுமாகக் கறை படிந்திருந்தது. சோடா உப்புக் கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, ஈயம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக முடுக்கி, மேலே வாசலின் பூசினார். தளர்ந்திருந்த பெல்ட்டையும் இழுத்து வைத்தார். குறைந்திருந்த கலங்களில் காய்ச்சி வடித்த நீரை வார்த்து, மாலைவரை மின்னேற்றத்தில் வைத்தார். புதிய பொருள் என்று வாங்கியது வாசலின் ஒன்றே.

மறுநாள் வைகறையில் அதே ஊரில் ஓட்டுநர் திறவுகோலைத் திருப்பினார். மானியின் முள் 25-லிருந்து 22-க்கு இறங்கிற்று. விளக்குகள் ஒரு நொடி சற்றே மங்கின. எஞ்சின் உறுமி எழுந்தது. முள் மெல்ல 28-க்கு ஏறி நின்றது. மூதாட்டியின் கூடை பேருந்தில் ஏறியது.